இடியென்று தோலைச் சுருட்டிய சர்தார் பாஷா அவர்களுக்கு

பாலாற்று மணலும் தோல் பதனிடும் பட்டைச் சாறும் பழகிய பாதத்தினரே! வானம் பார்த்தே வயது வளர்த்த வல்லவரே! ஆம்பூர்த் தோல் ஷாப்பின் காயப்போடும் முற்றத்துக்கு முடிசூடா மன்னராய் வீற்றிருந்து, இன்று ஓய்வு பெறும் மேஸ்திரி சர்தார் பாஷா அவர்களே! வருக, அமர்க, மாலையின் பாரத்தைச் சற்றே பொறுத்தருள்க!

முடிசூடா மன்னர் என்று எழுதியதுமே எழுதியவருக்குக் கை நின்றுவிட்டது. தங்களுக்குத்தான் தோலில் தைத்த முடியொன்று இருக்கிறதே! அதை நினைத்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுதியவர், கிடங்குக் கணக்கர் முனிரத்தினம். செந்தமிழ் எங்களில் அவருக்குத்தான் வரும். தங்கள்மேல் வயிற்றெரிச்சலும் எங்களில் அவருக்குத்தான் அதிகம். "பொறாமைய மறைச்சி எழுதினாருன்னா வெறும் காகிதம்தான் மிஞ்சும். இன்னா இருக்குதோ அத்த எழுதட்டும்" என்று தங்கள் இல்லத்தரசியார் சுகரா பேகம் அவர்களே சொல்லியனுப்பியதால், உள்ளதை உள்ளபடி வாசிக்கிறோம்.

காய்கிற தோலில் ஒரு சொட்டு மழை விழுந்தால் வடு. வடு விழுந்தால் சரக்கு இரண்டாந்தரம். ஆகவே இடி கேட்டால் சோற்றுக்கையோடும் ஓடு என்பது நம் முற்றத்துச் சட்டம். அந்தச் சட்டத்தைத் தாங்கள் போற்றியதுபோல் போற்றியவர் எவருமில்லை. மாப்பிள்ளை ஊர்வலத்துப் பட்டாசுக்கும் எழுந்து ஓடியவரல்லவா தாங்கள்!

அந்தக் கார்த்திகைப் புயலை மறப்போமா? வெள்ளத்தில் ரயில் பாதை அறுந்துபோனதால், மசூலிப்பட்டணத்தில் வாங்கிய உப்புத்தோல் கட்டுகளோடு தாங்களும் முனிரத்தினமும் பாய்மரத் தோணியேறிச் சென்னைக்குப் புறப்பட்டீர்கள். நடுக்கடலில் பாய்மரம் முறிந்தது. குடிதண்ணீர் தீர்ந்தது. தோணிக்காரர்கள் கும்பிட்ட கையோடு குப்புறக் கிடந்தார்கள். கரையும் தெரியாத, கப்பலும் வராத அந்த வேளையில் கட்டைப் பிரித்தவர் முனிரத்தினம். வெள்ளை வெளேரென்ற சதைப்புறம் மேலே தெரிய, தோணியின் மேல்தட்டு முழுதும் தோல்களை விரித்தவர் முனிரத்தினம். எவர் கண்ணிலாவது படாதா என்று யோசித்த மூளையும் முனிரத்தினத்தின் மூளைதான். இதை அவர் மூன்று முறை எழுதினார். நாங்கள் ஒன்றையும் அடிக்கவில்லை.

அப்போது வானத்தில் ஒரு முழக்கம். கரையோரம் காவல் சுற்றும் அரசாங்க ஆகாய விமானம், புயலில் காணாமற்போன கலங்களைத் தேடி வந்துகொண்டிருந்தது. கொக்குக்கும் காக்கைக்கும் சிறகடிக்க வேண்டும். அதுவோ விரித்த சிறகை அசைக்காமலே வந்தது. தாங்களோ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குனிந்தபடி ஓடி ஓடித் தோல்களைச் சுருட்டினீர்கள்!

"யோவ் பாய்! இன்னா பண்றே?" என்று அலறினார் முனிரத்தினம்.

"இடி இடிக்குது, காது கேக்கல? மழ வந்தா சரக்கு பேஜாராய்டும்! வந்து ஒரு கை புடி!"

"அது இடி இல்ல பாய், ஆகாசக் கப்பலு! விரி! விரிச்சித் தொலை!"

தாங்கள் தலை தூக்கிப் பார்த்தபோது தட்டில் ஒரு தோலும் இல்லை. விமானம் கடந்து போயிற்று. முனிரத்தினம் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். வீட்டில் மனைவி பூவம்மாள் தாலியைத் தடவிக்கொண்டு காத்திருப்பாள் என்று சொல்லிச் சொல்லி அழுதார். அழுதுகொண்டிருக்கும்போதே விமானம் வட்டமடித்துத் திரும்பி வந்தது. தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவைப் போட்டது. பொழுது சாய்வதற்குள் நீராவிப் படகையும் அழைத்து வந்தது.

சென்னைத் துறைமுகத்தில் விமானம் ஓட்டிய துரை சொன்னதை அங்கிருந்த குமாஸ்தா தமிழில் சொன்னார். கடலில் வெள்ளையாய் எத்தனையோ கிடக்குமாம். நுரை, மணல்திட்டு, கிழிந்த பாய். கிடப்பதைக் கிடக்கட்டும் என்று கடந்துவிடுவாராம். இந்த வெள்ளையோ பார்க்கப் பார்க்க மறைந்ததாம். மனிதக் கை இல்லாமல் மறையாது என்றுதான் திரும்பினாராம். "சுருட்டியவர் யார்?" என்று கேட்டு, தம் தோல் தொப்பியைக் கழற்றித் தங்கள் தலையில் வைத்தார். விரித்தவர் யாரென்று கேட்க ஒரு நாதியில்லை.

அன்று பற்றிய எரிச்சல் அணையவேயில்லை. ஆபீஸ் ஆணியில் அந்தத் தொப்பி தொங்கும். சரக்கு வாங்க வருகிறவர்கள், "விமானம் கண்டுபிடிச்ச மேஸ்திரி எங்கே?" என்று தங்களைத்தான் கேட்பார்கள். கதை முடியும்வரை முனிரத்தினம் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பார். ஆகவே கண்ணாடிச் சட்டத்துக்குள் போகும் இம்மடலிலாவது, தோல் விரித்தவர் தாம்தான் என்று ஏறியே தீரவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். பட்டப்பெயர்களில் பிழை வரலாகாதென்று நேற்று அவரே தங்களிடம் இதைப் படித்துக் காட்டினார். அந்த இடம் வந்ததும் மூச்சுவிடாமல் வேகவேகமாய் வாசித்துக் கடந்தார். தாங்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

தாங்களோ தொப்பிக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "எழுது தோஸ்த், பெருசா எழுது. நீ விரிக்கலன்னா நான் இன்னாத்த சுருட்டியிருப்பேன்?" என்றீர்கள்.

இத்தனை ஆண்டுகளாய் முனிரத்தினம் தமக்காகத் தேடிய வாக்கியம் அது. அதையும் தாங்களே சொல்லிவிட்டீர்களே என்று இரவெல்லாம் அவர் உறங்கவில்லை!

ஐயா! தொப்பி தங்களோடு வீடு போகிறது; ஆபீசில் ஆணி மட்டும் நிற்கும். தேதிக் காலண்டரை அதில் மாட்டலாமென்று இன்று காலை ஒருவர் கை நீட்டினார். "அது பாய் ஆணி, கைய எடு" என்று சீறி விழுந்தவர் முனிரத்தினம்தான்.

நோயின்றி, நொடியின்றி, பேரன் பேத்திகள் சூழப் பல்லாண்டு வாழ்க! வானம் இடித்தாலும் இனிப் படுக்கையை விட்டு எழாதிருக்க! அதற்காக ஓட இங்கே ஆளிருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் பிரிவால் வாடும் தோல் ஷாப்பு ஊழியர்கள்,
அவர்களுக்காக,
தோல் விரித்த முனிரத்தினம்.
ஆம்பூர், 1937.