கைதட்டல் இல்லாத இருட்டறை

ஒளியின் இயல்பை வகுப்பறையில் விளக்கி, ஒளிந்திருந்த உள்ளங்களை இருட்டறையில் துலக்கிய பெருந்தகையே! கணக்கில் கறாரும் கனிவில் தாராளமும் கொண்ட இயற்பியல் துறைத் தலைவரே! தேநீரை ஆறவிட்டே அருந்தும் அருமைத் தோழரே! கல்லூரி முழுவதும் ‘இருட்டறை சார்’ என்று செல்லமாய் அழைக்கும் அன்பரே! நீங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில், உடன் பணியாற்றிய ஆசிரியர்களும் அலுவலகத்தாரும் வணங்கி வழங்கும் மடல் இது.

புகழ்ந்தால் நெளிவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் பாராட்டுக்கெல்லாம் பிடிகொடுக்காமல் நழுவிய உங்களை, மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறோம். இன்று ஒரு நாள் நெளியுங்கள் ஐயா.

வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் உங்கள் ஆய்வகத்தில் கறுப்புத் திரைகள் இறங்கும். லென்சுகள் பெட்டிக்குள் போகும், முக்காலிகள் வட்டமாகும். மேசையில் ஒரே ஒரு சிறு விளக்கு, தாளில் மட்டும் வெளிச்சம் விழும்படி. தான் எழுதியதை வாசிக்கும் பிள்ளையின் முகம் யாருக்கும் தெரியாது. படம் வரைந்தவர்கள் அதைக் கம்பியில் கவ்வியால் மாட்டிவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்துகொள்வார்கள். உங்கள் டார்ச் ஒளி ஒவ்வொரு படமாக நகரும். எது யாருடையது என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கவிதை எழுதுவது தெரிந்தால் மானம் போய்விடும் என்று பயந்த கால்பந்து அணித் தலைவன், ஒரு வெள்ளிக்கிழமை தானாகவே விளக்கைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டான். இருட்டில் மட்டுமே படம் மாட்டிய ஒரு மாணவி, படிப்பு முடியும் ஆண்டில் பட்டப்பகலில் வராந்தா முழுவதும் தன் ஓவியங்களை வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றார்.

அந்த அறையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. வாசித்து முடித்தால் கைதட்டக் கூடாது. கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். பிறகு யாராவது ஒருவர், தன் மனத்தில் தங்கிய வரியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கைதட்டினால் குடிமுழுகிப் போய்விடுமா என்று புதிதாக வரும் ஆசிரியர்கள் கேட்பார்கள். அப்போதெல்லாம் நீங்கள் ஆறிய தேநீரை நகர்த்தி வைத்துவிட்டு அந்தக் கதையைச் சொல்வீர்கள்.

நீங்கள் பணிக்குச் சேர்ந்த புதிதில் நடந்த கல்லூரி விழா அது. நிகழ்ச்சியைத் தொகுத்தவர் நீங்கள். ஒரு மாணவன் நகைச்சுவைக் கவிதை வாசித்து அரங்கை அதிர வைத்துவிட்டுப் போனான். அடுத்து வந்தவர் வணிகவியல் முதலாண்டு மாணவி. மேடையில் அவர் முகத்தைவிட, நடுங்கிய தாள்தான் உங்களுக்குத் தெரிந்தது. ‘அப்பா வராத வீட்டில் எல்லாச் செருப்புச் சத்தமும் அப்பாதான்’ என்று முடித்தார். அரங்கில் ஒருவரும் அசையவில்லை. அங்கங்கே ஓரிரு கைதட்டல்கள் மட்டும். அந்தப் பெண்ணின் மனம் நோகுமே என்று பதறி, நீங்கள் ஒலிபெருக்கியைப் பிடித்தீர்கள்.

“இன்னும் கொஞ்சம் பலமா தட்டுங்கப்பா, பாவம், பயந்துபோயிருக்கு.”

பலமாகத் தட்டினார்கள். சிலர் சிரிக்கவும் செய்தார்கள். மாணவி தாளை நான்காக மடித்துக்கொண்டு இறங்கிப் போனார். பிறகு அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை. “அந்த அமைதிதான் அந்தப் பொண்ணுக்குக் கெடைச்ச மரியாதை. அதை நான்தான் கலைச்சேன்” என்பீர்கள். சொல்லும்போதெல்லாம் அந்த வரியையும் ஓர் எழுத்து மாறாமல் சொல்வீர்கள். எத்தனையோ பிள்ளைகளின் பயம் போக்கிய உங்களுக்கு, அந்த ஒரு பிள்ளையின் குறை மட்டும் தீரவே இல்லை.

ஐயா, இனிச் சொல்லப்போவது உங்களுக்குத் தெரியாது.

உங்கள் இருட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கம் தேர்வுப் பிரிவு. அங்கே இருக்கும் எழுத்தர் அம்மா கூட்டங்களில் வாய் திறக்க மாட்டார். அவருக்கு வெள்ளிக்கிழமை மட்டும் வேலை தேங்கிவிடும். அது என்னம்மா கணக்கு என்று நாங்கள் கிண்டல் செய்வோம். இந்த மடலை யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது, எல்லோரும் தமிழ்த்துறையைப் பார்த்தோம். எழுத்தர் அம்மாதான் கை தூக்கினார். பிறகு, அந்த வணிகவியல் மாணவி தான்தான் என்றார்.

விழா நாளோடு அவர் எழுதுவதையே விட்டுவிட்டாராம். பல ஆண்டுகள் கழித்து இங்கேயே வேலை கிடைத்தது. சேர்ந்த புதிதில் ஒரு நாள் ஆசிரியர் அறைக்குக் கோப்பு கொடுக்க வந்தவர், நீங்கள் கதை சொல்வதைக் கேட்டு வாசலிலேயே நின்றிருக்கிறார். தானே மறந்துபோன வரி உங்கள் வாயில் இருந்தது. அன்று இரவு மறுபடி எழுதினாராம். அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் சுவரோரம் உட்கார்ந்து, பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டாராம். ஏன் இத்தனை காலம் உங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டோம்.

“சொன்னா, உள்ள வந்து வாசிம்மான்னு சாரு கூப்பிடுவாரு. மாட்டேன்னு சொல்ல எனக்கு மனசு வராது. வாசிக்கவும் தைரியம் வரலை.”

ஒரு சுவர்தான் நடுவில் இருந்தது. இந்தப் பக்கம் உங்கள் வருத்தமும் அந்தப் பக்கம் அவர் பயமும் வாரம் தவறாமல் உட்கார்ந்திருந்தன. ஒரு வெள்ளிக்கிழமையாவது அவர் சுற்றி வந்து அந்தக் கதவைத் திறந்திருக்கலாம் என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் இன்று மனம் ஆறாத குறை. அடுத்த வாரம் திரையை இறக்க நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

பார்வை மங்காமல், மூட்டு வலிக்காமல், துணைவியாரோடும் பேரப் பிள்ளைகளோடும் நெடுங்காலம் நலமாக வாழுங்கள். இனியாவது தேநீரைச் சூடாகக் குடியுங்கள்.

அவையோருக்கு ஒரு வேண்டுகோள். இந்த மடலை எழுதியவர்தான் இப்போது ஒலிபெருக்கி முன் நின்று வாசித்துக்கொண்டிருக்கிறார். தாள் நடுங்குவது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவர் போய்த் தன் இடத்தில் உட்காரட்டும். யாரும் கைதட்ட வேண்டாம். அன்று கலைந்த அமைதி இன்று முழுதாக இருக்கட்டும்.

அதன் பிறகு, ஐயா, உங்கள் மனத்தில் தங்கிய வரியைச் சொல்லுங்கள்.

பிரிய மனமின்றி,
கல்லூரி ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும்