விடை கேட்காத கணக்கு

துடியலூரிலிருந்து காந்திபுரம் போகும் டவுன் பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள், மடியில் சுருட்டிய சார்ட் பேப்பர். கண்ணாடி போட்டவள் திடீரென்று சொன்னாள்:

“ஏண்டி, ‘சி’ ஒரு வேலையுமே செய்யலடி!”

ரெட்டைப் பின்னல்காரி திரும்பினாள். “என்னடி சொல்ற? பேசிக், சி, ரெண்டு கம்ப்யூட்டர் மொழிக்கும் ஒரே கணக்குதான குடுத்தோம்? ஒண்ணுலருந்து பத்து லட்சம் வரைக்கும் கூட்டச் சொல்லி. பேசிக்குக்கு இருபது நிமிசம், சி-க்கு ஜீரோ செகண்டு. சார்ட்லயே வரஞ்சுபோட்டோம்.”

“கூட்டச் சொன்னோம். விடையக் கேட்டமா? பேசிக் ஒவ்வொரு வரியாப் படிச்சுப் படிச்சுச் செய்யும். சி-ய மெசினுக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கற கம்பைலர் மொதல்லயே முழுசாப் படிச்சுப்போடும். விடை யாருக்கும் வேண்டாம்னு தெரிஞ்சுதா, கணக்கையே தூக்கிப்போட்டுருச்சு.”

பின்னல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு விரலிடுக்கில் பீறிட்டது.

“அப்ப பாவம் பேசிக், யாருமே கேக்காம பத்து லட்சமும் கூட்டுச்சா?”

“ஒண்ணு உடாம!”

“பத்து மணிக்கு செமினாருடி. சார் கொன்னே போடுவாரு.”

“ஏனுங் அம்மணி, சிரிச்சது போதும், டிக்கெட் எடுங்க” என்றார் கண்டக்டர்.

டிக்கெட்டை வாங்கிப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ணாடிக்காரி சார்ட்டை விரித்தாள். குலுங்கும் பஸ்ஸில், சி-யின் ஜீரோவை அடித்துவிட்டுப் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் எழுதினாள்: ‘ஆப்சென்ட்.’

“பேசிக்குக்கு?” என்றாள் பின்னல்காரி.

இருவரும் கைதூக்கிக் கத்தினார்கள்: “பிரசன்ட், சார்!”