நாள் தள்ளிப்போடும் மாத்திரை

திருப்பரங்குன்றம் வீட்டின் முன்னறையில் மூன்று பேர். கட்டிலில் நாகஜோதி, வலது கை ஒரு மாதமாக எழவில்லை. கால்மாட்டில், நாற்காலியில், பேனாவும் கடிதத் தாளுமாக அவள் கணவன் வெள்ளைத்துரை. நிலைப்படியில் அவள் தாய் இருளாயி.

நாகஜோதி: நம்பர் போட்டு எழுதாதீங்க. ரோகிணி என் தங்கச்சி... தாசில்தாரு இல்ல.

வெள்ளைத்துரை: வரிசையாச் சொன்னாத்தேன் வெளங்கும். ஒண்ணு... அக்கா பாத்ரூம்ல வழுக்கி விழுகல. பக்கவாதம்.

இருளாயி: அதெதுக்கு மாப்ள இப்ப...

நாகஜோதி: ரெண்டு... கோயில்ல பொங்கல் வைக்கையில வீட்டுக்குத் தூரமாயிரக் கூடாதுன்னு பத்து நாள் மாத்திரை போட்டேன். மூளையில ரத்தம் கட்டிக்கிருச்சு.

இருளாயி: ஊரே போடுற மாத்திரை. மெடிக்கல்ல சீட்டில்லாமத் தர்றான்.

வெள்ளைத்துரை: எல்லாருக்கும் இப்பிடி ஆகாது அத்தை. இவளுக்குப் பிறவியிலயே சீக்கிரம் உறையுற ரத்தம்னு டெஸ்ட்டுல வந்துருக்கு. மூணு... கூடப் பொறந்த உனக்கும் இருக்கலாம். பரிசோதிக்காம அந்த மாத்திரையத் தொடாத. பிள்ளை உண்டானாலும் டாக்டர்கிட்ட மொதல்ல இதச் சொல்லு.

இருளாயி: பிறவியிலயேன்னு எழுதாதீங்க. அவ மாமியா பாத்தா, நோவுக்கார வம்சம்னு திருப்பி அனுப்பிருவா.

நாகஜோதி: அதுக்குத்தேன் போன்ல பேசல. போனு மாமியா கையில. வாசல்ல நிக்கிற காளை அண்ணே உசிலம்பட்டி பஸ்ஸுக்குத்தேன் கண்டக்டர். அவ வேலை பாக்குற பள்ளிக்கூடத்துலயே குடுத்துருவாரு.

இருளாயி: மாத்திரை வேணாம்னு மட்டும் எழுதுனாப் பத்தாதா?

நாகஜோதி: வெள்ளிக்கிழமை அவுக ஊர்ல சாமி கும்பிடு. காரணம் சொல்லாட்டி... போட்டுருவாம்மா.

வெள்ளைத்துரை: வம்சத்துல வேற யாருக்கும் வந்ததில்லன்னு நீங்க டாக்டர்கிட்டச் சொன்னீங்கள்ல அத்தை, அதையும் சேத்துர்றேன். ரோகிணிக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கட்டும்.

இருளாயி: ...அத எழுதாதீங்க.

நாகஜோதி: ஏம்மா?

இருளாயி: எந் தங்கச்சி முனீஸ்வரி பாம்பு கடிச்சுச் சாகல. பிள்ள பெத்த ஏழாம் நாளு... வாய் கோணி, ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து...

நாகஜோதி: டாக்டரு எம்புட்டுத் தடவ கேட்டாரு...

வெள்ளைத்துரை: ...நாலு. முனீஸ்வரி சின்னம்மா. எழுதிட்டேன். அத்தை... இவள எனக்குக் கட்டிக் குடுக்கையில...

இருளாயி: எல்லாந் தெரிஞ்சுதேன் குடுத்தேன் மாப்ள... கவரு ஒட்டியாச்சுல்ல, தாங்க. ஏப்பா காளை, இந்தா. ரோகிணி கையில மட்டும் குடு.