சந்தனம் பூசிய சீடி

— ஐயோ, நகத்தாலை சுரண்டாதேங்கோ ஐயா! இஞ்சை தாங்கோ பாப்பம்.

— சந்தனந்தாம்மா. காஞ்சு ஒட்டிக்கிச்சு. சாமி கூத்து இருக்கிற சீடின்னு எம்பொஞ்சாதி ராக்காயி சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வச்சு, சாமி படத்துக்குக் கீழ வச்சிருந்தா.

— பொட்டு வைக்கிறதெண்டா எழுத்திருக்கிற பக்கம் வைச்சிருக்கலாம். மினுங்கிற பக்கத்திலையல்லோ அப்பியிருக்கிறா. பிறகெப்பிடி பிளேயர் வாசிக்கும்?

— மினுங்குறதுதான் மூஞ்சின்னு நெனச்சாளோ என்னவோ. நானும் வேட்டித் துணியால சுத்திச் சுத்தித் தொடச்சேன். போட்டா 'நோ டிஸ்க்'னு எழுதுது. ஹட்டன்ல ரெண்டு கடையில கைய விரிச்சுட்டாங்க. கடைசியாத்தான் நிரூபா அம்மாகிட்ட போன்னாங்க.

— சுத்தித் துடைச்சால் கீறல் கோட்டோடையே ஓடும். நடுவிலையிருந்து வெளியாலை, நேராத் துடைக்கவேணும். இந்தா, இப்பிடி. இதிலை அப்பிடி என்ன கூத்து?

— காமன் கூத்தும்மா. மாசியில எங்க தோட்டத்துல ஆடுனது. டிக்கோயாப் பக்கம் அழகுமுத்துன்னு கேட்டுப் பாருங்க. ரதி வேசம்னா நாந்தான். மதன் எரிஞ்சதும் ரதி அழுவுற கட்டம் ஒண்ணு வரும். நான் அழுதா கங்காணி, கணக்கப்புள்ளைன்னு பாக்காம எல்லாரும் மூக்கச் சிந்துவாங்க.

— ரதிக்கும் ஆம்பிளையோ ஆடுறது?

— எங்க திடல்ல பொம்பள ஏறுறதில்ல. ஆசைப்பட்டு வந்து கேட்ட புள்ளைகளையெல்லாம் வெரட்டிவிட்டவனே நாந்தான். இந்த வருசம் தேயிலச் செடி கவ்வாத்து வெட்டுற மலையில வழுக்கிக் கால ஒடச்சிக்கிட்டேன். ஆஸ்பத்திரியில கெடந்தேன், அப்புறம் நோட்டன் பிரிட்ஜ்ல தங்கச்சி வீட்டுல கெடந்தேன். நேத்துத்தான் லயத்துக்கு வந்தேன்.

— அப்ப இந்த முறை ரதி ஆர்?

— அதத்தானம்மா பாக்கணும்! றொசல்லப் பக்கத்துப் பையனாம். பேரக் கேட்டா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டேங்கிறான். ஞாயித்துக்கெழம கோயில்ல கூட்டம், அடுத்த வருச ரதி யாருன்னு பேசப் போறாங்க. கூத்து மாஸ்டர் வீரய்யா மூஞ்சிக்கு நேரா சொல்றாரு: "அழகுமுத்து, நீ இனி ஒக்காரு. ரதின்னா அதுதான்டா ரதி." கண்ணால பாக்காம எப்புடி ஒத்துக்குவேன்?

— படம் எடுத்தவரிட்டை வேறை கொப்பி இல்லையோ?

— அந்த டேப்பு மேலயே ஒரு கல்யாண வீடியோ புடிச்சுட்டானாம். இருக்கிறது இது ஒண்ணுதான்.

— என்ரை பழைய சீடி ரைட்டரிலை போட்டுப் பாப்பம். புதுசை விட இதுக்குப் பொறுமை கூட. ம்கூம்... நிண்டிட்டுது.

— செத்துருச்சா?

— இல்லையில்லை. மேல்பக்கம் கீறுப்பட்டிருந்தால்தான் துலைஞ்சுது. அதிலை ஒண்டும் இல்லை. வேகத்தைக் குறைச்சு, வாசிக்கேலாத இடத்தைத் தாண்டித் தாண்டி மிச்சத்தைக் கொம்பியூட்டருக்குள்ளை இழுக்கிறன்.

— இழுங்க தாயி. எரிஞ்ச காமனையே மூணாம் நாள் எழுப்பிவிடுறவங்க நாங்க. இது எந்திரிக்காதா?

— பொறுங்கோ... ஓடுது. ஓடுது ஐயா! முன்பாதி கொஞ்சம் பழுதாப்போச்சு, ஆனா அழுகைக் கட்டம் முழுசா வந்திருக்கு. பாருங்கோ.

— சத்தத்தக் கூட்டுங்க. ஹும், காலு சரியில்ல. தப்பு மேளக்காரன் அடிக்கு முன்னயே எடுத்து வக்கிது. இதுக்குப் போயி வீரய்யா அந்தத் துள்ளு துள்ளுனாரு... இருங்க. அதத் திரும்பப் போடுங்க.

— இந்தா, அந்த இடத்திலையிருந்து போடுறன்.

— 'சாமி'ன்னு கூப்புட்டு அப்புடியே மூச்ச நிறுத்துது பாருங்க. இத்தன வருசமா நான் விடாம அழுதுகிட்டே இருந்தேன். நிறுத்துனா இன்னும் நோகும்னு எனக்குத் தோணலியே அம்மா! எவன்டா இவன்?

— எனக்கே கண் கலங்குது ஐயா.

— நிறுத்துங்க! அந்தச் சேல என்னுது. என் வேசப் பொட்டியில இருந்த சேல. பொட்டிச் சாவி ராக்காயி இடுப்ப விட்டு எறங்காதே. றொசல்லக்காரனுக்கு எப்புடிப் போச்சு?

— முகத்தைப் பெரிசாக்கிறன்... ஐயா, இது ஆம்பிளை மாதிரித் தெரியேல்லை.

— இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க.

— இந்தாங்கோ.

— அடிப்பாவி ராக்காயி! சாமிக்குப் பூசல நீ. எங்கண்ண மறைக்கத்தான பூசியிருக்க!

— ஆர் எண்டு தெரிஞ்சுபோச்சோ? மனவருத்தமெண்டால் சொல்லுங்கோ, இதை இப்பவே அழிச்சுவிடுறன். சீடி பழுதாப்போச்செண்டு சொல்லுங்கோ. அடுத்த வருசமும் நீங்களே ரதிக்கு ஆடலாம்.

— அழிக்கிறதா? பத்துக் காப்பி போடுங்கம்மா, லயத்துக்கு ஒண்ணு குடுக்கணும். ஒவ்வொண்ணு மேலயும் கொட்ட எழுத்துல எழுதுங்க: ரதி வேசம் — ஜெயந்தினி, அழகுமுத்து பெத்த மக.