நடுவில் இருந்த துண்டு

குழந்தைகளை எனக்கு எப்போதும் பிடிக்கும். அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களைத்தான் பிடிக்காது. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் ஓவியக்கூடத்தில் பட்டறை. 'குடும்பத்தோடு நவீன கலை' என்று அதற்குப் பெயர். பிள்ளைக்கு ஓர் அட்டையும் கத்தரிக்கோலும் பசையும் கொடுப்பேன். ஐந்து நிமிடத்தில் கத்தரிக்கோல் அம்மா கைக்குப் போய்விடும். "நீ கெடுத்துடுவ, தள்ளு, நான் வெட்டித் தரேன்." அப்பாக்கள் அதைப் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு, "இதுக்கு மார்க் உண்டா சார்?" என்பார்கள். நான் சிரித்துக்கொள்வேன். சிரிப்பதற்குத்தான் சம்பளம்.

சிட்டுவின் அப்பா இவர்களைவிட ஒரு படி மேல். கிழிந்த அட்டைகளை ஒட்டி நான் செய்த பெரிய படைப்பு ஒன்று கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தது. அதன் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று, என் காதுபடவே சொன்னார்: "இதென்ன பெரிய வித்தை? எங்க சிட்டுவே பண்ணிடுவா." சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. நடந்ததற்கெல்லாம் காரணம் இந்த வார்த்தைதான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

சிட்டு சிரிக்கவில்லை. ஏழெட்டு வயதிருக்கும். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அங்கிள், நடுவுல இருக்கே, அந்தத் துண்டு வேணாம். எடுத்துடுங்க."

"பெரியவங்ககிட்ட வாயாடாத" என்று அப்பா அதட்டினார்.

எல்லோரும் போன பிறகு ஏணி போட்டு ஏறி, அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வருடமாக எனக்குப் பிடிபடாமல் இருந்த குறை சரியாகிவிட்டது. மறுபடியும் பசை தடவி, அதே இடத்தில் ஒட்டிவிட்டு இறங்கினேன்.

அடுத்த ஞாயிறு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவில் கை அச்சு எடுக்கும் வேலை. வழக்கமாகக் களிமண்ணில் கையைப் பதித்து, கையை எடுத்த பிறகுதான் அந்தப் பள்ளத்தில் கரைத்த மாவை ஊற்றுவோம். வெறும் கையை மாவுக்குள் விடக் கூடாது. மொத்தமாக இறுகும்போது அது கொதிக்கும், கையும் வெளியே வராது. மாவுப் பையின் பின்னால் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. எந்தப் பெற்றோரும் படிப்பதில்லை. நான் படித்திருக்கிறேன்.

"சிட்டுவுக்கு மட்டும் ஸ்பெஷல்" என்று ஒரு வாளி நிறையக் கரைத்து வைத்தேன். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் மணிக்கட்டுவரை கையை விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, சுடுதுப்பா" என்றாள். அவர் என்னைப் பார்த்தார்.

"அசையாம இருந்தாத்தான் நல்லா வரும்" என்றேன்.

"சார் சொல்றாருல்ல, அசையாதம்மா." அவரே அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையில் போன் இருந்தது. அதில் வீடியோ இருக்கும், பாருங்கள். நான் அவளைத் தொடவே இல்லை.

விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை என்று காலையில் சொன்னீர்கள். வருத்தம்தான். ஆனால் அந்த ஆளுக்கு ஒரு பாடம் தேவைப்பட்டது. குழந்தை மேல் எனக்கு என்ன கோபம்?

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், வாளியை வைப்பதற்கு முன்பு, "எந்தக் கையால வரைவ கண்ணு?" என்று நான்தான் கேட்டேன். வலது கையைக் காட்டினாள். இடது கையைக் காட்டியிருந்தால் இடது கையைத்தான் விடச் சொல்லியிருப்பேன்.