வாழ்த்துகள், காலியிடம் நிரம்பியது

அட, சன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்ணா. எனக்கு வெளிய பாக்க எங்கீங்க நேரம்? உக்கடத்துல பஸ்ஸ எடுத்ததுல இருந்து இந்தப் போன்ல இருக்கற கெரகத்தத்தான் பாத்துட்டு வாரேன்.

உடுமலைக்குங்க. நீங்க பொள்ளாச்சிங்களா? செரி செரி. நானு சம்சாரத்தக் கூட்டியாறதுக்குப் போறேன். மாமியாருக்கு மொழங்கால் வலி, கூடமாட இருக்கட்டும்னு... அப்படித்தானுங்க எங்க காம்பவுண்டுல சொல்லி வெச்சிருக்கறேன். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, பொள்ளாச்சியோட எறங்கிப் போற மனுசன். கோவிச்சுக்கிட்டு அங்கயே நின்னுக்கிச்சுங்க. போன் பண்ணுனா எடுக்கறதில்ல. நேர்ல போயி நிப்போம், மூஞ்சியப் பாத்தா மனசு எளகும்னு கெளம்பிட்டேன். இன்னைக்கும் வல்லீன்னா அப்பறம் வராதுங்க. அது எனக்குத் தெரியும்.

இதுங்களா? இது வேலைங்க. ஆளெடுக்கற வேலை. மில்லு, பவுண்டரி, பம்புசெட்டுக் கம்பெனி, எவன் கேட்டாலும் ஆள் புடிச்சுக் குடுக்கோணும். துடியலூர்ல ஆபீசு இருந்துச்சு. இப்ப அந்த எடத்துல பேக்கரி. தேங்கா பன்னு நல்லாருக்குதுன்னு சொல்றாங்க. எங்க மொதலாளி தீபக்குன்னு ஒரு தம்பி. அவங்கப்பா காலத்துல நான் சேந்தது. அவந்தான் ஆபீச மூடிப்போட்டு இந்த ஆப்ப எல்லார் போன்லயும் ஏத்திவுட்டான். மனோஜண்ணா, இனி எங்க வேணாலும் இருந்துட்டு வேலை பாக்கலாம்னான். எனக்கும் சந்தோசந்தான். அப்பறந்தான் வெளங்குச்சு, எங்க வேணாலும்னா எங்கயுமே உடாதுன்னு அர்த்தம்.

தமிழ்ல செயலிங்கறாங்க. நான் எம்.ஏ. தமிழுங்க, பாத்தாத் தெரியாது. செயலின்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரமாட்டேங்குது. செயலெல்லாம் நான் செய்யறேன், அது உக்காந்துட்டு மார்க்குப் போடுது. ஆப்புன்னு சொல்றதுதான் செரி. மரத்தப் பொளக்கறதுக்கு அடிப்பாங்களே, அது.

இங்க பாருங்க. மூஞ்சி வருதா? வலப்பக்கம் தள்ளுனா எடுத்தாச்சு, இடப்பக்கம் தள்ளுனா கழிச்சாச்சு. பெத்து, படிக்க வெச்சு, கடன ஒடன வாங்கி ஒருத்தன ஆளாக்கி அனுப்பறாங்க. நான் கட்டவெரல்ல ஈ ஓட்டற மாதிரி ஓட்டியுடறேன். திங்கறப்ப சட்டினிக் கையோட தள்ளியிருக்கறேன். கக்கூசுல உக்காந்துட்டுத் தள்ளியிருக்கறேன். சிரிக்காதீங்ணா. அதுல வேலை கெடச்ச ஒருத்தன் போன வாரம் கவுண்டம்பாளையத்துல என்னையப் பாத்துட்டு வண்டிய நிறுத்திக் கும்புட்டுப்போட்டுப் போறான். அவன எந்த எடத்துல உக்காந்துட்டுத் தள்ளுனேன்னு எனக்கல்ல தெரியும்.

கொரல் வேற இருக்குதுங்க. உங்களப் பத்தி ஒரு நிமிசம் பேசுங்கன்னு அது கேக்கும், அவங்களும் பாவம் பேசி அனுப்புவாங்க. நான் ரெட்ட வேகத்துல ஓட்டித்தான் கேக்கறது. இல்லீன்னா விடியாது. எம்.பி.ஏ. படிச்சவன்ல இருந்து ஐ.டி.ஐ. வரைக்கும் அத்தன பேரும் கவுதாரி கத்தற மாதிரிக் கத்துவாங்க.

ஆனா அதுக்குக் காது நெம்பத் தெளிவுன்னு தீபக்குச் சொல்லிக்குவான். தெளிவு என்னன்னு கேளுங்க. தொண்டாமுத்தூர்ல சாமுவேல்னு ஒரு வெல்டரு. நல்ல கை. போன்ல பேசறப்ப, எங்க பக்கம் ஆனை எறங்குதுங்க, ராத்திரி சிப்டு முடிச்சு ஊட்டுக்கு வந்து சேர முடியாதுங்க, எனக்கு இந்த வேலை வேண்டாமுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, செரிங்க, வாரேனுங்கன்னு வெச்சுட்டாரு. நம்மாளு எப்பங்க போறேன்னு சொல்லியிருக்கறான்? போறேன்னு போறது பொணம் ஒண்ணுதான், அதும் வாயத் தொறந்து சொல்றதில்ல. கூடவே கேட்டுட்டு இருந்த இந்த ஆப்பு என்ன பண்ணுச்சு? வாரேன்னு சொல்லிட்டார், வேலைக்கு வாரார்னு எழுதிக்கிச்சு. கம்பெனி அடையாளக் கார்டே அடிச்சாச்சு. திங்கக்கெழம கம்பெனி வேன் அவரு ஊட்டு மொனையில நின்னு ஆரன் அடிச்சிருக்குது. ஆனையக் காட்டுக்கு முடுக்க வந்த வண்டின்னு ஊர்ச்சனம் கூடிப்போச்சு.

தீபக்குகிட்டச் சொன்னேன். இனிமே எல்லார்த்தையும் போறேன்னு சொல்லச் சொல்லுங்கண்ணாங்கறான். நாப்பது வயசுக்கு மேல நான் நாலு மாவட்டத்துக்கும் தமிழ் சொல்லிக் குடுக்கோணுமாம், அந்த எழவுக்குப் புரியறாப்பல.

எழவுன்னதும் ஞாவகம் வருது. சண்டையே அங்கதானுங்க. என்ற சம்சாரத்தோட பெரியப்பா தவறிட்டாரு. அவளத் தோள்ல போட்டு வளத்துனவரு. உடுமலையில ஊட்டு முன்னால கெடத்தியிருக்குது. பொம்பளைக அழுது ஓஞ்சு, சித்த நேரம் சத்தமே இல்ல. என்ற சட்டைப் பையில இருந்து நாதசுரம் ஊதுது. ஊதி முடிச்சுட்டு ஒரு பொம்பள கொரல்ல சொல்லுது, வாழ்த்துகள், காலியிடம் நிரம்பியது.

ஆமாங்க, பொணத்துக்கு முன்னால.

அதோட உட்டாத் தேவல. எந்த எடம்னு வெளிய எடுத்துப் பாத்துப்போட்டேனுங்க. பழக்கம், கை தானாப் போயிருது. நிமுந்தா அவ என்னையவே பாத்துட்டு இருக்கறா. அழுகைகூட நின்னுபோச்சு.

திட்டீருந்தாக்கூடப் பரவால்லீங்க. காரியம் முடிஞ்சு கெளம்பறப்ப வாசப்படி வரைக்கும் வந்தா. நம்மூர்ல என்னங்க சொல்லுவாங்க? போயிட்டு வாங்கன்னுதானுங்களே? போங்கன்னா. அவ்வளவுதான். வாங்கங்கற சொல்லு வரவே இல்ல. நானும் தலையாட்டிட்டு வந்து பஸ் ஏறி, கோமங்கலம் தாண்டுனதுக்கப்பறந்தான் ஒறச்சுது. எம்.ஏ. தமிழு.

ஆமாங்க, அதே போன்தான். உங்களுக்கே சிரிப்பு வருதல்ல? கடைசியா ஒரே ஒரு எடம், முடிச்சுப்போட்டு அணைச்சு வெச்சிரலாம், இனிமே ஊட்டுக்குள்ள இத எடுத்துட்டு வரமாட்டேன்னு அவகிட்டச் சத்தியமே பண்ணிரலாம்னு இருந்தேன். ஓசூர்ல ஒரு கம்பெனி. கணக்குப் பாக்கறதுக்கு ஆளு. தங்கறதுக்கு அவங்களே எடம் குடுக்கறாங்க. அந்திக்குள்ள பேர் குடுத்தாகோணும். கோயமுத்தூர்ல இருந்து தள்ளிக்கிட்டே வந்தேன். ஒண்ணும் தேறல. கெணத்துக்கடவுல பஸ் நின்னுதுங்க, நீங்ககூட சன்னல் வழியா எளநி விலை கேட்டீங்களே, அப்ப வந்த மூஞ்சி என்ற சம்சாரமுங்க.

புவனாதான். வெளம்பரம் கம்பெனி பேர்லதான் வரும், அது என்ற கைக்கு வந்து சேரும்னு அவளுக்குத் தெரியாது. எம்.புவனான்னு என்ற எழுத்தோட இருந்த பேரு என்.புவனான்னு இருக்குது. நஞ்சுண்டன், என்ற மாமனார் பேரு. ரேசன் கார்டுல இருந்து பேங்க் புக்கு வரைக்கும் நாந்தான் அலஞ்சு மாத்துனேன், அவ ஒரு எழுத்துல திருப்பிக்கிட்டா. பொருத்தம் தொண்ணூத்தொண்ணுன்னு இது காட்டுது. எங்களுக்குச் சோசியரு பாத்தப்பக்கூட அத்தன வரலீங்க. இடைல இத்தன வருசம் வேலைல இல்லையே, காரணம் என்னன்னு ஒரு கட்டம். கல்யாணம்னு எழுதுவாங்க எல்லாரும். சொந்த வேலைன்னு எழுதியிருக்கறா.

கொரலுங்களா? கேட்டேன். வேகத்தக் கொறச்சு, காதோட வெச்சு, ஒரு நிமிசமும் கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால ஒரு மில்லுல மூணு பேர் பாக்கற கணக்க ஒத்தையாப் பாத்தாளாம். தெலுங்கு பேசுவாளாம். ராத்திரி எல்லாரும் தூங்குனதுக்கப்பறம் போன்ல பாத்து ஜி.எஸ்.டி. பூராவும் படிச்சுட்டாளாம். எல்லாரும்னா ஊட்டுல நானு ஒருத்தந்தானுங்க. பக்கத்துலயே படுத்திருந்திருக்கறேன்.

நல்ல ஆளுங்க. நான் பாத்த அத்தன பேர்லயும் நல்ல ஆளு.

வலப்பக்கம் தள்ளுனேன். உடனே உட்டுருமா இது? இவரை உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கும். எல்லார்த்துக்கும் கேக்கறதுதான், நான் படிக்காமயே அமுத்திருவேன். தெரியும்னு சொன்னா என்ற கைய உட்டு வேற ஆளுக்குப் போயிரும். அங்க போனா, ஆளெடுக்கறவனோட சொந்தம்னு கழிச்சுப்போடுவாங்க. அவளுக்கு அந்த எடம் கெடைக்கோணும்னா ஒரே வழிதான்.

தெரியாதுன்னு அமுத்திப்போட்டேனுங்க. பச்சையா ஒரு டிக்கப் போட்டு வாங்கிக்கிச்சு. இந்தச் சனியன் எழுதுனதுல இது ஒண்ணுதான் செரின்னு பட்டுச்சு.

பொள்ளாச்சி வந்துருச்சுங்களா? சித்த இருங்க, நானும் எறங்கிக்கறேன்.

உடுமலைங்களா? இனி அங்க எனக்கென்னங்க வேலை.