சட்டைப்பையில் ஒரு சிப்

மஞ்சளாகிப் போன கம்ப்யூட்டர் பெட்டியை வெளுக்க வைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முடிக்குச் சாயம் போடுகிற கடையில் கிடைக்கும் பெராக்சைடு களிம்பைத் தடவி, மேலே பாலித்தீன் தாளைச் சுற்றி வெயிலில் வைத்தால் போதும். திருச்செங்கோட்டு வெயில் இந்த வேலைக்கென்றே அடிக்கிறது. பொறுமைதான் வேண்டும். பொறுமையுள்ள ஆளை இந்தப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

எங்களுக்கு போர்வெல் ரிக் வண்டித் தொழில். வண்டிகள் ஆந்திராவில் ஆழ்குழாய்க் கிணறு போட்டுக்கொண்டிருக்கும். நான் வீட்டு மாடியில் பழைய கம்ப்யூட்டர்களோடு இருப்பேன். ஊரில் எனக்குப் பைத்தியம் என்று பெயர். நல்ல மெஷினை எடைக்குப் போட்டுவிட்டு அதற்குப் பதில் பிளாஸ்டிக் குடம் வாங்குகிறவர்கள் வைத்த பெயர் அது. இன்னொரு கூட்டம் இருக்கிறது, இவர்களைவிட மோசம். பழைய பெட்டிக்குள் இருப்பதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுப் புது போர்டை வைத்து, அப்கிரேடு என்பார்கள். அவர்களோடு நான் பேசுவதே இல்லை.

ரோசியம்மாவை எனக்கு முன்பின் தெரியாது. சேலத்தில் சூரமங்கலம் பக்கம் சின்ன வீடு. பழைய மெஷின் பார்க்கிற ஆள் என்று யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். தம்பியுடைய கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறது, ஒரு எட்டு வந்து பாருங்கள் என்று அந்தம்மா போனில் கெஞ்சியது.

போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் மேசைமேல் அது உட்கார்ந்திருந்தது. எண்பதுகளில் செவ்வாய்ப்பேட்டையில் ஒருவர் தன் பட்டறையிலேயே தகரம் வளைத்துக் கூட்டிய எக்ஸ்டி ரகக் கம்ப்யூட்டர். முன்பக்கம் மட்டும் பிளாஸ்டிக், பச்சை எழுத்துத் திரை. அவர் செய்ததே கொஞ்சம். எல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டன என்றுதான் நினைத்திருந்தேன்.

கட்டிலில் கிடந்தவர் சேவியர்ராஜ். ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவராம். தசை கரைகிற நோய். கை ஓடிக்கொண்டிருந்தபோதே, வரப்போவதைத் தெரிந்துகொண்டு ஒரு புரோகிராம் எழுதி வைத்திருக்கிறார். பேச்சு போய், நடை போய், கடைசியில் ஒரு விரல் மிஞ்சியது. அந்த விரலுக்கடியில் ஒரு சுவிட்ச். அதன் ஒயர், பிரிண்டர் செருகுகிற இடத்துக்குப் போகும். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக நகரும். வேண்டியது வரும்போது தட்டுவார். அக்காவோடு சண்டை போடுவதும் அப்படித்தான், கஞ்சியில் உப்பில்லை என்பதும் அப்படித்தான்.

புரோகிராம் சுமார் ரகம். மெஷின்தான் அற்புதம்.

பழுதென்று ஒன்றுமில்லை, பவர் சப்ளையில் தூசி. துடைத்துக் கொடுத்தேன். பிறகு மரியாதையாகத்தான் கேட்டேன், இதை எனக்குக் கொடுங்கள், பதிலுக்குப் புதுசாக எது வேண்டுமானாலும் வாங்கித் தருகிறேன் என்று. அவர் தட்ட ஆரம்பித்தார். அந்தம்மா கொடியிலிருந்த துணியையெல்லாம் எடுத்து மடித்து வைத்துவிட்டது; அதற்குப் பிறகுதான் வாக்கியம் முடிந்தது.

'தர முடியாதுங்க. இது என் வாய்.'

அப்பேர்ப்பட்ட மெஷினை வாய் என்கிறவரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

கொஞ்ச நாள் விட்டு மறுபடி போனேன். முழுசாகச் சர்வீஸ் பண்ணித் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன். அந்தம்மா பூரித்துப்போய்க் காபி போட உள்ளே போனது. மூடியைத் திறந்து, மெஷினை எழுப்பிவிடுகிற சிப்பை நெம்பி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அது இல்லாவிட்டால் திரையில் ஒரு புள்ளிகூட வராது. எடுக்கும்போது அதன் காலில் ஒன்றுகூட வளையவில்லை. என் கை அப்படி.

சேவியர்ராஜ் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். பார்த்ததை அவரால் சொல்ல முடியாது என்பதும் தெரியும்.

காபி வந்ததும் சுவிட்சைப் போட்டுக் காட்டினேன். போர்டு போய்விட்டது, இனி ஆகாது என்றேன். அந்தம்மா அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டது. அவர் கண் என் சட்டைப்பையை விட்டு நகரவில்லை. விரல் தட்டிக்கொண்டே இருந்தது.

"ஏன் சாமி சாரோட பாக்கெட்டையே பாக்கற? என்ன சொல்ற?" என்று தம்பியிடம் கேட்டது அந்தம்மா.

"நன்றி சொல்றாருங்க," என்றேன்.

அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டது.

எங்கள் ஆபீசில் ஒதுக்கிப்போட்ட லேப்டாப் ஒன்றை அங்கே வைத்துவிட்டு, இதுதான் அப்கிரேடு என்று சொல்லி எக்ஸ்டியைக் காரில் ஏற்றினேன். அந்த லேப்டாப்பில் சுவிட்சைச் செருக இடமே கிடையாது. அதற்கு ஒரு சாமான் வரவேண்டும், வந்ததும் புரோகிராமையும் மாற்றித் தருகிறேன் என்றேன். அந்தம்மா போன் பண்ணிக்கொண்டே இருந்தது. வாரேங்க, வாரேங்க என்பேன். செய்திருக்கலாம், பெரிய வேலை இல்லை. முன்பக்கத்தை வெளுக்க வைத்துக்கொண்டிருந்தேன், கை ஒழியவில்லை.

அதற்குள் அவருக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. எங்கே வலிக்கிறது என்று அந்தம்மா ஒவ்வொரு இடமாகக் கேட்டதாம். வயிறா என்றபோது விரல் தட்டியிருக்கிறது. பசி என்று நினைத்து அந்தம்மா கஞ்சி புகட்டியிருக்கிறது. மறுபடி கேட்க, மறுபடி தட்ட, மறுபடி கஞ்சி. உள்ளே குடலில் ஓட்டை விழுந்திருந்ததை ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தபோது நேரம் கடந்துவிட்டது. கேட்கத் தெரியாதவர்கள் கையில் சிக்கினால் அப்படித்தான். அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். அங்கே இருந்ததில் பெரிய மாலை என்னுடையது.

பிறகு ஒரு நாள் அந்தம்மா பஸ் ஏறித் திருச்செங்கோட்டுக்கே வந்துவிட்டது. செத்த பெட்டியாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றது. என் சேகரிப்பைப் பார்க்க ஆசைப்பட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புவதில்லை. மாடிக்குக் கூட்டிப்போய்ச் சுவிட்சைப் போட்டேன். திரை பச்சையாக விழித்தது.

"இது ஓடுதுங்களா?"

"ஜோரா ஓடுமுங்க."

"எந்தம்பி எழுதுனதெல்லாம் எங்கீங்க?"

உள்ளதைச் சொன்னேன். டிஸ்க்கைத் துடைத்துவிட்டேன். பட்டறையிலிருந்து எப்படி வந்ததோ அப்படி இருந்தால்தான் ஒரு மெஷினுக்கு மதிப்பு. அதில் அவர் பல வருஷமாகத் தட்டியது நிறையக் கிடந்தது, நான் படிக்கவில்லை. அந்தம்மா அழவில்லை. திரையையே பார்த்தது. பிறகு என் சட்டைப்பையைப் பார்த்தது. படியிறங்கி நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டது.

நீங்கள் மோசடி என்று எழுதுகிறீர்கள். ரோசியம்மா கொலை என்கிறதாம். எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கப்போவதில்லை. சிப்பைத் திருடியது நான். நன்றி சொல்கிறார் என்று சொன்னது நான். மறுபடி பேச வைக்க முடிந்தும் செய்யாதது நான். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் இருந்தபோது அந்த மெஷின்மேல் கஞ்சிக் கறை இருந்தது, விரல் ரேகை இருந்தது. இப்போது போய்ப் பாருங்கள், ஒரு மனுஷன் தொட்ட சுவடே இல்லாமல் வைத்திருக்கிறேன்.